ரோபோவும் வெட்டி வேலையும்

ரோபோ! இச்சொல்லை அறியாத பள்ளிச் சிறுவர் இன்று இல்லை. பொருள் யாது என்று வகுப்பிலே கேட்டோம். "இயந்திர மனிதன்" என்றனர் ஒரே குரலில். அவர்கள் மீது பிழையில்லை. ஆனால் அச்சொல் பிறந்த நாடகத்திலே இரும்பு மனிதன் ஒருவன்கூட இல்லை!

செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920-இல் எழுதிய 'ஆர்.யு.ஆர்.' தான் அந்நாடகம். 1921-இல் பிராக் நகரின் தேசிய அரங்கிலே நடிக்கப்பெற்றது. அதில் வரும் ரோபோக்கள் தொட்டியிலே பிசைந்த உயிர்ப்பொருளால் ஆனவை. தோற்றத்தில் நம்மைப் போன்றவை. பெயரை எடுத்துக்கொடுத்தவர் ஆசிரியரின் தமையன் யோசெப். 'ரோபோட்டா' என்றால், குடியானவன் நிலப்பிரபுவுக்குக் கூலியின்றிச் செய்தே தீரவேண்டிய உழைப்பு. 1848-இல்தான் அந்நாட்டில் அக்கொடுமை ஒழிந்தது. நம் கல்வெட்டுகள் இதனை 'வெட்டி' என்று குறிக்கும். (வெட்டி வேலை என்றால் பயனற்ற வேலை என்று இன்று பொருள் திரிந்துவிட்டது, செய்தவனுக்குப் பயனற்றது என்ற அளவில் பொருத்தந்தான்!) இயந்திர மனிதன் என்று பெயர்த்த அன்றே நாடகத்தின் பாதிப் பொருளை இழந்துவிட்டோம்.

படைத்தவனைப் படைப்பே அழித்த கதை என்பர் இதனை. அஃது அரைகுறை வாசிப்பு. ஆலைத் தலைவன் டோமின், உழைப்பின் துன்பத்திலிருந்து மாந்தரை விடுவிக்கப் போவதாக முழங்குகிறான். நடந்ததென்ன? தொழிலாளர் கொதித்தெழுந்து ரோபோக்களை உடைக்கின்றனர். அவர்களை அடக்க ரோபோக்களின் கையிலே துப்பாக்கி தரப்படுகிறது. பின்னர் அரசுகள் அவற்றைப் படைவீரராக்கிப் போரிடுகின்றன. பங்குதாரர் கண்டது டோமினின் கனவையன்று, இலாபத்தையே என்று ஆல்க்விஸ்ட் இறுதியில் அவனிடமே சுட்டுகிறான். கிளர்ச்சிச் செய்தி எட்டியபின் அவன் தீட்டும் திட்டம் உள்ளதே, அதுதான் நாடகத்தின் உச்சம்! இனி நாட்டுக்கொரு ஆலை. நிறம் வேறு, மொழி வேறாக ரோபோக்களைப் படைப்போம். ஒன்றையொன்று வெறுக்கட்டும், ஒருநாளும் ஒன்றுசேரா என்கிறான். பிறப்பிலேயே பிரித்துவைக்கும் இச்சூழ்ச்சியை எங்கே கண்டோம் என்று தோழர்களுக்குச் சொல்லவும் வேண்டுமோ?

இவ்வளவு கண்ட சாப்பெக், முடிவிலே நம்மைக் கைவிடுகிறார். ரோபோக்களுக்கு உணர்ச்சியூட்டச் செய்தவள் எலெனா. படைப்பின் இரகசியத்தை எரித்தவளும் அவளே. ஆலையின் குற்றத்தைப் பெண்ணொருத்தியின் தலையிலே கட்டுவது எத்துணை எளிது! உழைப்பை விட்ட மாந்தர்க்குப் பிள்ளைப்பேறே நின்றுவிட்டதாம். இது காரணம் காட்டுவதன்று, சாபம். காதல்கொண்ட இரு ரோபோக்களை ஆதாம் ஏவாளாக்கித் திரை விழுகிறது. கையால் உழைப்பவன் என்பதற்காகக் கட்டடப் பொறுப்பாளன் ஆல்க்விஸ்ட் ஒருவனை மட்டும் ரோபோக்கள் உயிரோடு விடுவது அழகு, மறுக்கவில்லை. ஆனால் வேலையிழந்த ஆலைத் தொழிலாளி ஒருவன்கூட மேடையேறவில்லை. அவன் கதை பிறர் வாய்ச் செய்தியாகவே கழிந்துவிடுகிறது.

அக்காட்சியை நாம் வேறோரிடத்தில் கண்டோம். 2023-இல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். ஊதியக் குறையோடு, எழுதும் கணினி பற்றிய அச்சமும் அவர்களுக்கு இருந்தது. கணினியை அவர்கள் உடைக்கவில்லை. அது தருவதை இலக்கியப் படைப்பாகக் கணக்கிடக் கூடாது, அதைப் பயன்படுத்தியே தீரவேண்டும் என்று எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என ஒப்பந்தத்திலே எழுதி வாங்கினர்.

வரும் பருவத்தில் இந்நாடகத்தை மாணவர் மன்றத்திலே படிக்க இருக்கிறோம். சாப்பெக் விட்டுவிட்ட அந்தத் தொழிலாளியின் காட்சியை எழுதிவருமாறு மாணவர்களிடம் கூறியுள்ளோம்.