புதுப்பிக்கும் அறிவிப்பு: ஒரு மதிப்புரை

மதிப்புரை என்றால் நூலைப் பற்றித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இம்முறை நான்கைந்து வரிகளே கொண்ட ஓர் எழுத்தை எடுத்துக்கொள்வோம். கைக்கணினியின் திரையில் திடீரென்று தோன்றி, புதிய மென்பொருள் தயாராக உள்ளது, பிழைகள் களையப்பட்டுள்ளன, செயல்திறன் கூடியுள்ளது என்ற பொருளில் சொல்லும் அறிவிப்புதான் அது. அடியில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒன்று ‘இப்போது நிறுவு’, மற்றொன்று ‘பின்னர்’. ‘வேண்டாம்’ என்ற பொத்தானை நான் பார்த்த கருவிகளில் கண்டதில்லை. பலரும் படிக்காமலே ஒப்புதல் தரும் எழுத்து இது. படித்தாலும் பெரிதாக ஒன்றும் தெரிந்துவிடாது என்பதே இதன் முதற்குறை.

செங்கல்பட்டில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். கொக்கிலமேடு, தேவனேரி, சதுரங்கப்பட்டினம் எனக் கடற்கரை ஊர்களிலிருந்து வரும் மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “சார், அப்டேட் போட்டா ஸ்லோ ஆயிடுமாமே, போடலாமா வேணாமா?” அவர்களுள் பலர் வீட்டில் அந்த ஒரு கருவிதான் இருக்கும். அண்ணன் தேர்வுக்குப் படிப்பதும் தங்கை பாடக் காணொளி பார்ப்பதும் அதில்தான். 2024இல் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினிகள் வழங்கப்பட்டன. 2025 மார்ச்சில் வெளியான தமிழக நிதிநிலை அறிக்கை, கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று அறிவித்தது. ஆகவே இக்கேள்வி இனிக் கூடுமே தவிரக் குறையாது. ஒரே சொல்லில் இதற்கு விடை தர இயலாது. ஏனெனில் ‘புதுப்பித்தல்’ என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு காரியங்களை அடைத்து வைத்திருக்கிறார்கள்.

இயங்குதளம் என்பது யாது? தொடுதிரை, நினைவகம், மின்கலம் முதலிய உறுப்புகளுக்கும் நாம் பயன்படுத்தும் செயலிகளுக்கும் இடையே நின்று வேலை வாங்கும் அடிப்படை மென்பொருள். மாமல்லபுரத்தில் சிற்பியின் உளி ஓரிடத்தில் தவறினால், சிலையின் மூக்கு போனது போனதுதான். மென்பொருளில் அந்த அச்சமில்லை. விற்று ஓராண்டு கழித்தும் மூக்கைத் திருத்தலாம். இது பெரும் வசதி. (இந்த வசதி இருப்பதாலேயே மூக்கில்லாமல் விற்கும் துணிவும் சிலருக்கு வந்துவிட்டது என்பது என் எண்ணம்.)

மூன்று காரியங்களில் முதலாவது, ஓட்டையடைப்பு. ஆண்ட்ராய்டில் காணொளிகளைக் கையாளும் ‘ஸ்டேஜ்ஃபிரைட்’ என்ற பகுதியில் சில ஓட்டைகள் இருப்பது 2015 ஜூலையில் வெளிப்பட்டது. சூழ்ச்சியாக அமைத்த ஒரு பல்லூடகச் செய்தியை அனுப்பியே அயலார் நம் கருவிக்குள் நுழையலாம் என்ற நிலை. அடுத்த மாதமே, மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடும் வழக்கத்தைக் கூகுள் தொடங்கியது. விண்டோஸ் கணினிகளில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் ஒரு திருத்தத்தை வெளியிட்டது. அதைப் போடாமல் விட்ட கணினிகளை மே 12 முதல் ‘வானாகிரை’ என்ற தீநிரல் உலகெங்கும் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகளே தடுமாறின. ‘பின்னர்’ என்ற பொத்தானின் விலை சில வேளைகளில் இவ்வளவு.

இரண்டாவது, உறுப்புகளை நன்கு வேலை வாங்கும் திருத்தம். மூன்றாவது, புதிய வசதிகள் என்ற பெயரில் ஏறும் சுமை. இவ்விரண்டையும் ஒரே கருவியில் காணலாம். 2012இல் கூகுளும் ஆசுஸும் சேர்ந்து வெளியிட்ட நெக்சஸ் 7 என்ற கைக்கணினி, சில மாதப் பயன்பாட்டிலேயே மந்தமாகிறது என்று வாங்கியவர்கள் குறைபட்டனர். காரணம் பிளாஷ் நினைவகத்தின் இயற்பியலில் இருக்கிறது. மின்கடத்தாப் பொருளால் சூழப்பட்ட நுண்ணிய அறைகளில் எலெக்ட்ரான்களைச் சிறைவைத்து அது செய்தியைக் காக்கிறது. கரும்பலகையில் ஓர் எழுத்தை மட்டும் துடைத்து மாற்றுவது இங்கே நடவாது. ஒரு பெரும் பகுதியை முழுதாக அழித்த பின்பே அங்கே புதிதாக எழுதலாம். நீங்கள் ஒரு படத்தை நீக்கினாலும், அந்த இடம் இனித் தேவையில்லை என்று நினைவகத்திற்கு எவரும் சொல்வதில்லை. அது பழைய குப்பையையும் பத்திரமாக இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கும். 2013 ஜூலையில் வந்த ஆண்ட்ராய்டு 4.3, காலியான இடங்களை நினைவகத்திற்கு அவ்வப்போது தெரிவிக்கும் ‘டிரிம்’ என்ற ஏற்பாட்டைச் சேர்த்தது. பழைய கருவி சுறுசுறுப்படைந்தது. அதே கருவிக்கு 2014 இறுதியில் ஆண்ட்ராய்டு 5.0 வந்தது. புதிய தோற்றம், புதிய வசதிகள். ரேம் மட்டும் அதே 1 ஜி.பி. இம்முறை, பொறுக்க முடியாத மந்தம் என்று பல நாடுகளிலிருந்தும் புகார் எழுந்தது. முதல் முறை மருந்து, இரண்டாம் முறை மூட்டை. இரண்டுக்கும் பெயர் ‘புதுப்பித்தல்’தான்!

மந்தம் என்றவுடன், புதுக் கருவி வாங்க வைக்கும் தந்திரம் என்று சொல்வோர் உண்டு. இதில் ஒரு வழக்கை இயற்பியல் மாணவர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். அது கைக்கணினியைப் பற்றியதன்று, கைபேசியைப் பற்றியது. ஆனால் தத்துவம் ஒன்றே. 2017 ஜனவரியில் வெளியிட்ட ஒரு திருத்தத்தில், மின்கலம் நலிந்த ஐபோன்களின் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாட்டை ஆப்பிள் சேர்த்தது. டிசம்பரில்தான் அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஏன் குறைக்க வேண்டும்? ஓம் விதியைக் கொண்டே பார்க்கலாம். கணக்கிற்காக, சார்ஜ் குறைந்த நிலையில் மின்கலத்தின் மின்னியக்கு விசை 3.6 வோல்ட் என்று கொள்வோம். வேலை மிகும் நொடியில் சிப் 2 ஆம்பியர் இழுக்கிறது. புதிய மின்கலத்தின் அக மின்தடை 0.1 ஓம் எனில் உள்ளே இழப்பது 0.2 வோல்ட், வெளியே கிடைப்பது 3.4. பழைய மின்கலத்தில் அது 0.3 ஓம் ஆகியிருந்தால் இழப்பு 0.6, கிடைப்பது 3.0 வோல்ட். கருவி நிற்கும் எல்லை 3.2 என்றால், திரையில் சார்ஜ் மீதம் இருப்பதாகக் காட்டும்போதே கருவி அணைந்துவிடும். வேகத்தைக் குறைத்தால் மின்னோட்டத்தின் உச்சம் தாழும், கருவி பிழைக்கும்.

ஆகவே குறைத்தது அறிவியலுக்குப் புறம்பானதன்று. சொல்லாமல் குறைத்ததுதான் குற்றம். மின்கலத்தை மட்டும் மாற்றினால் வேகம் திரும்பும் என்று தெரியாமல் புதுக் கருவிக்குப் பணம் கட்டியவர்கள் எத்தனை பேரோ! 2020 பிப்ரவரியில் பிரான்ஸ் விதித்த 2.5 கோடி யூரோ அபராதம், பயனாளர்களுக்குத் தெரிவிக்கத் தவறியதற்காகவே. வெப்பத்தில் மின்கலம் விரைவில் முதுமை அடையும். நம் கடற்கரையில் மே மாதத்தில் கல்நார்க் கூரையின் கீழ் சார்ஜ் ஏறும் கருவிக்கு இந்தச் செய்தி பாரிசில் உள்ள கருவியைவிட அதிகம் தேவை அல்லவா?

அறிவிப்பு மறைக்கும் இன்னொன்று செலவு. 2 ஜி.பி. அளவுள்ள திருத்தம் என்பது 16,000 மெகாபிட். நொடிக்கு 4 மெகாபிட் வரும் இணைப்பில் 4,000 நொடி, அதாவது ஒரு மணிக்கு மேல். நாளுக்கு 1.5 ஜி.பி. என்று ரீசார்ஜ் செய்தவருக்கு அன்றைய பங்கு முழுவதும் போய், அப்போதும் வேலை முடியாது. மாணவன் ‘பின்னர்’ என்று அழுத்துவதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய குறை, ‘எதுவரை’ என்பதைச் சொல்லாதது. இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. மாணவர்களுக்காக மைய அரசு 2011 அக்டோபர் 5 அன்று வெளியிட்ட ‘ஆகாஷ்’ கைக்கணினியில் 256 எம்.பி. ரேமும் ஆண்ட்ராய்டு 2.2ம் இருந்தன. அது 2010 மே மாதத்துப் பதிப்பு. ஆகாஷ் வந்த இரண்டே வாரத்தில் ஆண்ட்ராய்டு 4.0 அறிமுகமாயிற்று. அது இந்தக் கருவியில் ஏற வழியில்லை. 2012 நவம்பர் 11 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி வெளியிட்ட ஆகாஷ்-2இல் 512 எம்.பி. ரேமும் ஆண்ட்ராய்டு 4.0ம் இருந்தன. முதல் மாணவருக்குப் புதுப்பித்தல் வரவில்லை. அடுத்த மாணவருக்கு வேறு கருவி வந்தது. அந்நாளில் விலையைப் பற்றிய பேச்சே பெரிதாக இருந்தது. எத்தனை ஆண்டு திருத்தம் வரும் என்று எவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

திருத்தம் நின்றுபோவது ஏன்? கூகுள் எழுதுவதைச் சிப் செய்பவர் தம் சிப்புக்கு ஏற்ப மாற்ற வேண்டும், கருவி செய்பவர் தம் திரைக்கும் கேமராவுக்கும் பொருத்த வேண்டும், சோதிக்க வேண்டும். விற்றுத் தீர்ந்த மாதிரிக்கு இந்த உழைப்பால் வருவாய் இல்லை. 2017இல் ஆண்ட்ராய்டு 8.0 இப்பணியைச் சற்று எளிதாக்கியது. ஆனால் கடமையாக்கியது சட்டம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாதிரியின் விற்பனை நின்ற பின்னும் குறைந்தது 5 ஆண்டுகள் இயங்குதளத் திருத்தம் கிடைக்க வேண்டும் என்பது விதி. கைக்கணினிக்கும் இது பொருந்தும். லட்சக்கணக்கில் வாங்கும் நம் அரசு, ஒப்பந்தப்புள்ளியில் ரேமுக்கும் திரைக்கும் அளவு கேட்பதைப் போல் இதற்கும் ஆண்டுக் கணக்கு கேட்கலாமே.

கேளாவிட்டால் என்ன ஆகும்? கருவி கெடாது, செயலிகள் அதைக் கைவிடும். ஆண்ட்ராய்டு 5.0க்கு முந்தைய கருவிகளில் வாட்ஸ்அப் 2025 ஜனவரியோடு நின்றது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்ததை நினைவுகூருங்கள். அப்படிப்பட்ட இரவில் செய்தி வந்து சேராத கருவி நல்ல நிலையில் இருந்தென்ன?

இனி, மாணவரின் கேள்விக்கு என் விடை. பாதுகாப்புத் திருத்தம் என்றால் தள்ளாமல் போடுங்கள். கல்லூரியின் வைஃபை கிடைத்தால் அதில் போடுங்கள். இயங்குதளத்தின் பதிப்பு எண்ணே மாறுகிறது என்றால், படங்களையும் குறிப்புகளையும் வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு, இரண்டு வாரம் பொறுத்துப் போடுங்கள். 2024 செப்டம்பரில் ஐபேட் ஓ.எஸ். 18, எம்-4 சிப் கொண்ட சில புதிய ஐபேடுகளையே செயலிழக்கச் செய்து, அவற்றுக்குத் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. இணையப் பக்கத்தில் குதித்தெழுந்து ‘உடனே புதுப்பி’ என்று மிரட்டும் அறிவிப்பு எதையும் தொடாதீர்கள்; உண்மையான திருத்தம் ‘அமைப்புகள்’ பகுதிக்குள்தான் வரும்.

அங்கேயே, கருவியைப் பற்றிய விவரங்களில், ‘பாதுகாப்புத் திருத்த நாள்’ என்ற பொருளில் ஒரு தேதி இருக்கும். அதைப் பார்த்து, கருவியின் பெயர், வாங்கிய ஆண்டு ஆகியவற்றுடன் இவ்விதழுக்கு ஓர் அஞ்சலட்டையில் எழுதுங்கள். பள்ளியிலோ கல்லூரியிலோ வழங்கப்பட்ட கருவியானால் அதையும் குறிப்பிடுங்கள்.