தொடும் கை, தொடப்படும் கை: பினாமினாலஜி பற்றிச் சில குறிப்புகள்

ஒரு படிப்பு வட்டத்தில் எட்மண்ட் ஹுஸ்ஸர்ல் பற்றிப் பேசப் போயிருந்தேன். பதினைந்து பேர் இருந்திருப்போம். மயானப் பாதைப் பிரச்சினை ஒன்றில் ஒரு வாரமாக அலைந்துவிட்டு நேராக அங்கே வந்திருந்த தோழர் ஒருவர், நான் முடிக்கும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார்: “கண்ண மூடிக்கிட்டுத் தன் மனசையே பாத்துக்கிட்டிருக்கிற தத்துவம் நமக்கு என்னத்துக்குத் தோழர்?” எனக்குச் சரியான பதில் வரவில்லை. ‘பிரக்ஞை’, ‘அடைப்புக்குறி’ என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இந்தக் கட்டுரை அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

முதலில் அந்தக் ‘கண்ண மூடிக்கிட்டு’ என்பதைத் தெளிவுபடுத்திவிடலாம். பினாமினாலஜிக்குத் தமிழில் நிகழ்வியல், தோற்றவியல் என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள். எதுவும் நிலைக்கவில்லை என்பதால் மூலச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன். மேசைமேல் ஒரு தேநீர்க் குவளை இருக்கிறது. என் கண்ணுக்குத் தெரிவது அதன் ஒரு பக்கம்தான். ஆனால் நான் ‘பாதிக் குவளை’யைப் பார்ப்பதில்லை, முழுக் குவளையைப் பார்க்கிறேன். தெரியாத பக்கமும், அதன் சூடும், எடுத்துக் குடிக்கலாம் என்ற சாத்தியமும் அந்தப் பார்வைக்குள்ளேயே இருக்கின்றன. பிரக்ஞை என்பது மண்டைக்குள் கிடக்கும் ஒரு பெட்டி அல்ல, அது எப்போதும் ஏதோ ஒன்றைப் பற்றிய பிரக்ஞை, வெளியே சாய்ந்திருப்பது என்கிறார் ஹுஸ்ஸர்ல். ‘குவளை என்றால் இதுதான், உலகம் இப்படித்தான்’ என்ற நம் அன்றாட நிச்சயத்தைக் கொஞ்ச நேரம் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு, அது நமக்கு எப்படித் தோற்றம் கொள்கிறது என்று விவரிப்பதே அவர் முறை. ஆகவே கண்ணை மூடச் சொல்லும் தத்துவம் அல்ல இது. இயல்பு என்று நாம் பார்க்காமலே விட்டதைப் பார்க்கச் சொல்லும் தத்துவம்.

இந்த முறையைக் கண்டவரின் கதி என்ன ஆயிற்று என்பதும் தத்துவத்துக்கு வெளியே உள்ள விஷயமல்ல. ஹுஸ்ஸர்ல் 1886இலேயே லூத்தரன் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றவர். 1933இல் நாஜிச் சட்டத்துக்கு அது பொருட்டாக இல்லை. யூதப் பிறப்பு போதும் என்று ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்திலிருந்து விலக்கிவைக்கப்பட்டார். அதே ஆண்டு அதே பல்கலைக்கழகத்தின் ரெக்டராக வந்து, நாஜிக் கட்சியிலும் சேர்ந்தவர் அவருடைய சீடர் ஹைடெக்கர். 1927இல் ‘இருத்தலும் காலமும்’ நூலை ஆசிரியருக்குச் சமர்ப்பித்திருந்தவர், 1941 பதிப்பில் அந்தச் சமர்ப்பணப் பக்கத்தை எடுத்துவிட்டார். ஹுஸ்ஸர்ல் 1938இல் இறந்தார். சுருக்கெழுத்தில் இருந்த ஏறத்தாழ 40,000 பக்கக் கைப்பிரதிகளை வான் பிரெடா என்ற பெல்ஜியப் பாதிரியார் லூவனுக்குக் கடத்திக் கொண்டுபோய்க் காப்பாற்றினார். உலகத்தை அடைப்புக்குறிக்குள் போட்டுப் பார்த்தவரை உலகம் அடைப்புக்குறிக்குள் போட்டது. யார் எதை அடைப்புக்குறிக்குள் வைக்க முடியும், யாருக்கு அந்த வசதி கிடையாது என்ற கேள்வி பினாமினாலஜியின் பிறப்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நம்முடைய சிறுபத்திரிகைச் சூழலில் இந்தத் தத்துவம் ஏன் சரியாக வரவே இல்லை என்று யோசித்திருக்கிறேன். எழுபதுகளில் எஸ்.வி.ராஜதுரை எழுதி எக்ஸிஸ்டென்ஷியலிசம் வந்தது. எண்பதுகளில் தமிழவன் எழுதி ஸ்ட்ரக்சுரலிசம் வந்தது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் படிக்கட்டை நாம் தாண்டிக் குதித்துவிட்டோம். எக்ஸிஸ்டென்ஷியலிசத்துக்குத் தாய் பினாமினாலஜி. ஸ்ட்ரக்சுரலிசமும் அதற்குப் பின்வந்தவையும் சண்டை போட்டது அதனோடுதான். தாயையும் தெரியாமல் எதிராளியையும் தெரியாமல் சண்டையின் முடிவை மட்டும் நாம் இறக்குமதி செய்தோம். விளைவு, ‘அனுபவம்’ என்ற சொல்லையே தொண்ணூறுகளின் கோட்பாட்டாளர்கள் சந்தேகமாகப் பார்த்தார்கள். அனுபவம் என்று ஒன்று இல்லை, மொழியின் விளைவுதான் அது என்றார்கள். ஆனால் அதே தொண்ணூறுகளில்தான், 1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தது. தலித் எழுத்து அனுபவத்தைத் தன் ஆதாரமாகவே முன்வைத்தது. ‘தலித் அல்லாதவர் தலித் இலக்கியம் எழுத முடியுமா?’ என்ற விவாதம் பக்கம் பக்கமாக நடந்தது. பழைய புத்தகக் கடையில் அந்த இதழ்களை வாங்கிப் படித்துத்தான் நான் கோட்பாடு கற்றேன். இப்போது திரும்பப் படிக்கும்போது ஒன்று தெரிகிறது. இரண்டு தரப்பிடமும் அனுபவத்தை ஆராயும் கருவி இல்லை. ஒரு தரப்பு அதைக் கும்பிட்டது, இன்னொரு தரப்பு தள்ளிவிட்டது.

அந்தக் கருவி ஒரு மிகச் சாதாரணமான காரியத்திலிருந்து தொடங்குகிறது. உங்கள் வலது கையால் இடது கையைத் தொட்டுப்பாருங்கள். வலது கை தொடுகிறது, இடது கை தொடப்படுகிறது. கவனத்தைக் கொஞ்சம் மாற்றினால் போதும், இடது கை தொடுவதாகவும் வலது கை தொடப்படுவதாகவும் ஆகிவிடும். ஹுஸ்ஸர்ல் கைப்பிரதியில் விவரித்திருந்த இந்த உதாரணத்தை மெர்லோ-பொந்தி தன் தத்துவத்தின் மையத்துக்குக் கொண்டுவந்தார். தொடுகிறவன் தொடப்படாமல் தொட முடியாது என்பதுதான் இதில் உள்ள விஷயம். 1959இல் ஹுஸ்ஸர்ல் பற்றி எழுதிய கட்டுரையில் அவர் இன்னும் ஓர் அடி போகிறார். கை குலுக்கும்போது மற்றவருடைய கை என் இன்னொரு கையின் இடத்துக்கு வருகிறது. மற்றமை என்பதை நான் யோசித்து நிரூபிக்கத் தேவையில்லை, கையிலேயே அது கிடைத்துவிடுகிறது.

அழகான விவரிப்பு. ஆனால் கை குலுக்க நீட்டிய கையை மற்றவர் பற்றிக்கொள்வார் என்று எப்படி அவ்வளவு நிச்சயம்?

இந்தச் சந்தேகத்தை முதலில் தன் உடம்பால் கேட்டவர் ஃப்ரான்ஸ் ஃபனான். லியோனில் மருத்துவம் படித்த காலத்தில் மெர்லோ-பொந்தியின் வகுப்புகளுக்குப் போனவர். ‘கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்’ (1952) நூலில், மேசைமேல் உள்ள சிகரெட்டை எடுக்கக் கை தானாக நீளுவதை மெர்லோ-பொந்தி பாணியிலேயே விவரிக்கிறார். பிறகு ஒரு வெள்ளைக் குழந்தை அவரைப் பார்த்துப் பயந்து தாயிடம் சுட்டிக்காட்டுகிறது. அந்தக் கணத்தில் அந்தக் கை, அந்த உடம்பு அவருடையதாக இல்லாமல் போய்விடுகிறது. காலனியத்தின் கதைகளால் செய்யப்பட்ட வேறொரு உடம்பு அவர்மேல் வந்து உட்கார்கிறது. 1980இல் ஐரிஸ் மரியன் யங் இதையே பெண்களை வைத்துக் கேட்டார். ‘என்னால் முடியும்’ என்பதே உடம்பின் அடிப்படை என்று ஹுஸ்ஸர்ல் சொல்லியிருக்க, பந்தெறியும் சிறுமியின் கைக்குள் ‘என்னால் முடியாது’ எப்படிச் சின்ன வயதிலேயே புகுந்துகொள்கிறது என்று காட்டினார். சாரா அகமத் பாலியல் திசையமைவு பற்றியும் (2006), லிசா குந்தர் தனிமைச் சிறை பற்றியும் (2013) எழுதியவை இந்த வரிசையில் வருகின்றன. இன்றைய தத்துவ ஆய்வில் பினாமினாலஜியின் இடம் எது என்று கேட்டால், மூளையியல்காரர்களோடு அது நடத்தும் பேச்சுவார்த்தையைவிட இந்த வரிசையைத்தான் நான் காட்டுவேன். யாருடைய உடம்பை மனதில் வைத்து இந்தத் தத்துவம் எழுதப்பட்டதோ, அந்த உடம்பு வாய்க்காதவர்கள் அதை எடுத்துக் கையாள்கிறார்கள்.

இந்தியாவில் இந்தப் பேச்சைத் தொடங்கியவர்கள் கோபால் குருவும் சுந்தர் சருக்கையும். இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு பண்ணும் பிராமணர்களும் தரவு சேகரிக்கும் சூத்திரர்களுமாகப் பிரிந்து கிடக்கிறார்கள் என்று 2002இல் குரு எழுதினார். சருக்கை 2007இல் அதற்கு எதிர்வினை ஆற்றினார். 2012இல் இந்த உரையாடல் ‘தி கிராக்ட் மிரர்’ என்று புத்தகமாயிற்று. வாழ்ந்த அனுபவம் என்பது விட்டு வெளியேறும் சுதந்திரம் இல்லாத அனுபவம் என்று சருக்கை சொல்வது முக்கியமானது. சேரியில் ஒரு மாதம் தங்கி எழுதுகிறவனுக்குத் திரும்பிப் போகும் பஸ் இருக்கிறது. தீண்டாமையின் பினாமினாலஜி பற்றி 2009இல் எழுதிய கட்டுரையில் சருக்கை இன்னொரு திருப்பமும் செய்கிறார். தன்னை யாரும் தொடக் கூடாது என்ற தேவை உண்மையில் பிராமணனுடையது, அதைத்தான் அவன் தலித்தின் மேல் ஏற்றி வைத்திருக்கிறான் என்கிறார்.

இங்கேதான் நான் மாறுபடுகிறேன். தமிழ்நாட்டுக் கிராமத்தில் தனிக் குவளை வைப்பது பெரும்பாலும் பிராமணர் அல்ல. நிலமும் கடையும் ஊராட்சியும் கையில் உள்ள இடைநிலைச் சாதிகள். ‘தூய்மை’ என்ற சொல்லால் மட்டும் இதை விளக்க முடியாது. அங்கே தொடுதல் இல்லாமலும் இல்லை. தலித் பெண்களின் கைதான் நாற்று நடுகிறது, அந்த நெல்லைத்தான் ஊர் சாப்பிடுகிறது. அடிக்கும்போது யாரும் தீட்டுப் பார்ப்பதில்லை. கன்னத்தில் விழும் அறையும் தொடுதல்தானே? ஆகவே தீண்டாமை என்பது தொடாமை அல்ல. தொடுதல் எந்தத் திசையில் போகலாம், யார் தொடங்கலாம் என்ற சட்டம் அது. நான் உன்னைத் தொடலாம், நீ என்னைத் தொடக் கூடாது. மெர்லோ-பொந்தி எல்லா உடம்புக்கும் இயல்பாகக் கிடைத்தது என்று எடுத்துக்கொண்டாரே, அந்தத் திரும்பும் தன்மை, அதைத்தான் சாதி வெட்டிவிடுகிறது. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவால் வகைப்படுத்தும்போது தொடு உணர்வைத்தான் முதல் அறிவாக வைக்கிறார். புல்லுக்கும் மரத்துக்கும்கூட உள்ளது அது. உயிர் தொடங்குகிற அந்த இடத்திலேயே சாதியும் கை வைக்கிறது.

அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. 1955 சட்டமும் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கின்றன. ஆனாலும் 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் இறையூரில் மாவட்ட ஆட்சியர் ஆய்வுக்குப் போனபோது தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருந்தது வெளியே வந்தது. என் மேசைமேல் இருக்கும் குவளை ‘எடுத்துக் குடிக்கலாம்’ என்று தோற்றம் கொள்கிறது என்று மேலே எழுதினேன். அந்த ‘எடுக்கலாம்’ எல்லோருக்கும் அப்படித் தோற்றம் கொள்வதில்லை. நான் கொடுத்த உதாரணத்துக்குள்ளேயே என் சாதி உட்கார்ந்திருந்தது.

அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. நான் இடைநிலைச் சாதியில் பிறந்தவன். ஆறேழு வயசில், கொல்லைப்புறம் வேலைக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லுவார் எங்கள் அப்பாயி. சொம்பை உயரமாகப் பிடித்துக் கையில் ஊற்ற வேண்டும், விளிம்பு படக் கூடாது. “மேல தூக்கிப் புடிடா” என்பார். யாரும் எனக்குச் சாதிக் கொள்கை எதுவும் கற்பிக்கவில்லை. என் கைதான் ஓர் உயரத்தைக் கற்றுக்கொண்டது. பிறகு பெரியாரைப் படித்தேன், அம்பேத்கரைப் படித்தேன், என் கருத்துகள் மாறின. ஆனால் யாரிடமாவது சில்லறை கொடுக்கும்போது கை எந்த உயரத்தில் நிற்கிறது என்று இன்றைக்கும் கவனித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பழக்கம் என்பது உடம்பின் அறிவு என்று மெர்லோ-பொந்தி சொன்னது இதைத்தான்.

தலித் அனுபவத்தைத் தலித்துகள் எழுதுகிறார்கள், கோட்பாடாகவும் ஆக்குகிறார்கள். அதை அவர்களுக்காக விவரிக்க என்னைப் போன்றவர்கள் கிளம்ப வேண்டாம். எங்களுக்கு விட்டுவைக்கப்பட்ட வேலை வேறு. பின்வாங்கும் கையை, உயரத்தில் நிற்கும் சொம்பை உள்ளேயிருந்து விவரிப்பது. அனுபவம் யாருக்குச் சொந்தம் என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பழைய விவாதத்தில், ஆதிக்கசாதிக்காரன் தன்னுடைய அனுபவத்தைப் பற்றி ஒரு பக்கம்கூட எழுத வேண்டியிராமல் தப்பித்துக்கொண்டான்.

இது வெறும் பாவமன்னிப்பாகச் சுருங்கிவிடும் ஆபத்து உண்டு, தெரியும். என் கையின் கதையை எழுதி நான் நல்லவனாகிவிட்டால் மயானப் பாதை திறந்துவிடாது. அதற்கு நிலம் வேண்டும், வழக்கு வேண்டும், கூட்டம் வேண்டும். பினாமினாலஜி அரசியல் பொருளாதாரத்துக்கு மாற்று இல்லை. ஆனால் சட்டமும் கொள்கையும் மாறிய பிறகும் எது மாறாமல் கைக்குள் தங்கியிருக்கிறது என்பதை விவரிக்க அதைவிடக் கூர்மையான கருவி எனக்குத் தெரியவில்லை.

தோழர், அன்றைக்கு உங்களுக்கு இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் நான் ஹுஸ்ஸர்லைப் பற்றிப் பேசப் போவதில்லை. எங்கள் ஊர்க் கொல்லைப்புறத்தைப் பற்றிப் பேசுகிறேன். நீங்கள் வந்து கேள்வி கேளுங்கள்.