கள்ளச்சாராய வார்டில் ஏபிஜி

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என எங்கும் நோயாளிகள் வந்து குவிந்தார்கள். இத்தனை பேரில் யாருக்கு முதலில் டயாலிசிஸ்? இந்தக் கேள்விக்கு மருத்துவம் ரத்தத்தைத்தான் கேட்கிறது.

கேட்பதில் நியாயம் உண்டு. மெத்தனாலை விட அதிலிருந்து கல்லீரல் உண்டாக்கும் ஃபார்மிக் அமிலம்தான் கண் நரம்பையும் மூளையையும் கெடுக்கிறது. தமனியில் கொஞ்சம் ரத்தம் எடுத்து ஏபிஜி (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) கருவியில் விட்டால், சில நிமிடங்களில் அமிலச் சுமை தெரிந்துவிடும். பிஹெச் 7.15-ஐத் தொட்டாலோ அதற்குக் கீழே போனாலோ டயாலிசிஸ் செய்யச் சொல்கின்றன 2015-இல் வந்த பன்னாட்டுப் பரிந்துரைகள். உளறுகிறவர் போதையில் உளறுகிறாரா, விஷத்திலா என்பதைப் பார்வையால் பிரிக்க முடியாத வார்டில் இது பெரிய உதவி.

சிக்கல், அறிக்கை நன்றாக வரும்போதுதான். குடித்து 12 முதல் 24 மணி நேரம்வரை பலருக்கு ஒன்றுமே தெரியாது. கூடவே டாஸ்மாக் சரக்கும் உள்ளே போயிருந்தால் கல்லீரல் அந்த எத்தனாலை முதலில் கவனிக்கும். விஷம் இன்னும் தாமதமாகும். அந்த இடைவெளியில் எடுத்த ஏபிஜியை நம்பி வீட்டுக்கு அனுப்பினால் போச்சு. மெத்தனாலையே அளக்கலாமே என்றால், அதற்கு கேஸ் குரோமட்டோகிராஃபி வேண்டும். நம்மிடம் அது பெரும்பாலும் தடய அறிவியல் கூடங்களில் இருக்கிறது. அறிக்கை வழக்குக்கு ஆகும், படுக்கையில் கிடப்பவருக்கு ஆகாது. தாமதமாக வந்தவருக்கோ மெத்தனால் முழுக்க அமிலமாகி, அளவு குறைவாகக் காட்டும், ஆள் செத்துக்கொண்டிருப்பார்.

கருணாபுரத்தில் முதல் சாவுகளுக்கு வயிற்றுப்போக்கு, வலிப்பு என்றெல்லாம் காரணம் சொல்லப்பட்டது. துக்கத்துக்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்ததாகச் செய்திகள் வந்தன. சந்தேகமே எழாத இடத்தில் எந்தப் பரிசோதனையும் நடக்காது.

அதே 2015 பரிந்துரைகள், புதிதாகப் பார்வை மங்கினாலே டயாலிசிஸுக்குப் போதும் என்கின்றன. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலைக் கிராமத்து நோயாளி விஷயத்தில் எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. "கண்ணு தெரியுதா?" என்று கேட்கக் கருவி வேண்டாம். சந்தேகம் வந்ததும் மாற்றுமருந்தான ஃபோமெபிசோல், அது இல்லையென்றால் அளந்து கொடுக்கும் எத்தனால், கையோடு ஆம்புலன்ஸ். ஏபிஜியை மலை இறங்கிய பிறகு எடுத்துக்கொள்ளலாம்.