மறுப்பா? மன்னிப்பா?

கருத்து பிழையானதென்றால், சான்று காட்டி மறுக்கலாம். அதுதான் அறிவுலகின் அறம். நம் நாட்டிலோ, சான்றைத் தேடுமுன் மன்னிப்பைத் தேடுகிறார்கள்!

2018 சனவரி 7 அன்று இராசபாளையத்தில், கவிஞர் வைரமுத்து 'தமிழை ஆண்டாள்' என்ற கட்டுரையை அரங்கேற்றினார். மறுநாள் 'தினமணி' அதை வெளியிட்டது. ஆண்டாளின் தமிழை வானளாவப் போற்றிய கட்டுரை அது. ஆயினும், ஆண்டாள் திருவரங்கக் கோயிலின் தேவதாசி என்று ஓர் ஆய்வு நூலில் இருந்ததையும் அவர் எடுத்துக்காட்டினார். அவ்வளவுதான், புயல் எழுந்தது. கவிஞரும் வருந்தினார், வெளியிட்ட ஏடும் வருந்தியது. ஆறவில்லை ஆத்திரம்! ஆண்டாள் சன்னதிக்கே வந்து மன்னிப்புக் கேட்க வேண்டுமென, அண்டை ஊராம் திருவில்லிபுத்தூரில் சீயர் உண்ணாநோன்பு இருந்தார்.

கட்டுரையிலும் குறை உண்டு, மறைக்க மாட்டோம். ஒரு நூலின் ஒரு வரி வரலாறு ஆகிவிடாது. அதற்குக் கல்வெட்டுச் சான்று எங்கே, காலக்கணக்கு எங்கே என்று கவிஞரைக் கேட்டிருக்க வேண்டும். அக்கேள்வி எழுந்திருந்தால் தமிழாய்வு வளர்ந்திருக்கும். கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் நோன்பு அமர்ந்தது!

ஐரோப்பா இந்நோயில் நெடுங்காலம் உழன்றது. மைக்கேல் செர்வெட்டசு என்ற மருத்துவர், இதயத்தின் வலப்புறக் குருதி நுரையீரல் வழியே இடப்புறம் சேர்வதைத் தம் சமய நூலில் எழுதினார். திரித்துவத்தை மறுத்த குற்றத்திற்காக 1553இல் செனீவாவில் அவரை உயிரோடு எரித்தனர். எரிந்தது உடல் மட்டுமா? அந்நூலில் இன்று எஞ்சியிருப்பவை மூன்றே படிகள்!

உரோமாபுரியின் வழி வேறு. 1559இல் போப்பாண்டவர் தடைநூற் பட்டியல் வெளியிட்டார். சீர்திருத்தச் சமயத்தவர் எழுதிய மருத்துவ நூல்களும் தடைக்குள்ளாயின. ஆனால் நோய்க்கு மதம் தெரியுமா? மருத்துவர்களுக்கு அந்நூல்கள் தேவைப்பட்டன. எனவே சமய அதிகாரிகளிடம் உரிமச்சீட்டுப் பெற்றுப் படித்தனர். ஆசிரியர் பெயர்மீது மை பூசினர். செருமானிய மருத்துவர் இலியோன்கார்டு பூக்சின் மூலிகை நூலுக்கும் அக்கதியே. மூலிகை வேண்டும்; எழுதியவன் பெயர் வேண்டா! அப்பட்டியல் செல்லாக்காசு ஆனது 1966இல்தான்.

அந்த மையைத்தான் இங்கும் காண்கிறோம். பெண்களுக்குப் பொட்டுக் கட்டியது யார்? கோயில். அவர்களின் ஆடலையும் பாடலையும் பணியையும் பெற்றது யார்? அதே கோயில். அக்கொடுமையை ஒழிக்க மருத்துவர் முத்துலட்சுமி போராடினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போராடினார். 1947இல் சட்டம் வந்தது. அன்று 'தெய்வத்தொண்டு' என்று புகழப்பட்டது, இன்று உச்சரித்தாலே இழிவாம்! தேவதாசி என்ற சொல் பழியென்றால், அப்பழி அந்தப் பெண்ணுக்கா, அவளைப் பொட்டுக்கட்டிய முறைக்கா? ஆட்டம் வேண்டும், ஆடியவள் பெயர் வேண்டா!

இளைஞர்களே! ஆண்டாளைப் படியுங்கள், கவிஞரின் கட்டுரையைப் படியுங்கள், அவர் காட்டிய நூலையும் தேடிப் படியுங்கள். பிழை கண்டால் எழுதி மறுங்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டால் வாய் மூடும், ஐயம் தீராது. ஐயம் தீர்ப்பது ஆய்வு ஒன்றே!