விளம்பரமும் திரைப்படமும்: வோக்ஸ்வேகன் பீட்டில் காட்டும் பாடம்

ஒரு காரின் பெயர் மக்கள் மனத்தில் இடம்பிடிக்க விளம்பரமும் திரைப்படமும் துணைசெய்கின்றன. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று பொதுவாக எண்ணப்படுகிறது. வோக்ஸ்வேகன் பீட்டில் காரின் வரலாற்றை ஆண்டு வரிசையில் பார்த்தால் அவ்வெண்ணம் பொருந்தவில்லை. அக்காரின் மீது நம்பிக்கையை வளர்த்தது விளம்பரம். பாசத்தை வளர்த்தது திரைப்படம். இவ்விரண்டின் வேறுபாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

குறையை மறைக்காத விளம்பரம்

பீட்டில், ஹிட்லர் ஆட்சிக் காலத்தில் ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த கார். ஜெர்மனியோடு போரிட்ட அமெரிக்காவில் அதை விற்பது எளிதாக இருக்கவில்லை. 1950-களின் அமெரிக்கக் கார்கள் நீளமானவை. பின்புறம் மீன் துடுப்பு போன்ற தகடுகளும் பளபளக்கும் குரோமியப் பட்டைகளும் கொண்டவை. அவற்றின் நடுவே பீட்டில் சிறியதாக, உருண்டையாக, வேகம் குறைந்ததாக நின்றது.

1959-இல் விளம்பரப் பொறுப்பை ஏற்ற நியூயார்க்கின் டாயில் டேன் பெர்ன்பாக் நிறுவனம் இவற்றை மறைக்க முயலவில்லை. கலை இயக்குநர் ஹெல்முட் குரோனும் வாசகம் எழுதிய ஜூலியன் கெனிக்கும் பக்கத்தின் பெரும்பகுதியை வெறுமையாக விட்டு, அதில் மிகச் சிறிய கார் படம் ஒன்றை வைத்தனர். சிறிய காருக்குப் பெட்ரோல் குறைவு, நிறுத்த இடமும் குறைவு என்று விளக்கினர். மற்றொரு விளம்பரம் தன் காரையே பழுதான வண்டி என்று தலைப்பில் அழைத்தது. உட்புறப் பெட்டியின் குரோமியப் பட்டையில் சிறு கறை இருந்ததால் ஆய்வாளர் அக்காரை ஒதுக்கிவிட்டார் என்பது கீழே இருந்த செய்தி. 1999-இல் அட்வர்டைசிங் ஏஜ் இதழ் இவ்விளம்பரத் தொடரை இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்ததாகத் தேர்ந்தெடுத்தது.

ஆனால் 1959-க்கு முன்பே அமெரிக்காவில் பீட்டில் விற்பனை வளர்ந்துகொண்டிருந்தது. உறுதியான என்ஜினும், ஒழுங்காகக் கிடைத்த உதிரிப் பாகங்களும் அதற்குக் காரணம். இல்லாத தரத்தை விளம்பரம் உண்டாக்கவில்லை. இருந்த தரத்தைச் சொல்லும் முறையைக் கண்டுபிடித்தது.

காரை நண்பனாக்கிய திரைப்படம்

டிஸ்னி நிறுவனத்தின் தி லவ் பக் படம் 1968 இறுதியில் வெளியானது. 53 என்ற எண் தாங்கிய ஹெர்பி என்னும் வெள்ளைப் பீட்டில் அதில் தானாகவே சிந்திக்கிறது, கோபப்படுகிறது, பந்தயங்களில் வெல்கிறது. விளம்பரம் ஒப்புக்கொண்ட பலவீனத்தைத் திரைப்படம் நீக்கிவிட்டது.

படத்தால்தான் பீட்டில் விற்றது என்பது சரியன்று. அமெரிக்காவில் அதன் விற்பனை உச்சத்தைத் தொட்டது 1968-இல். படம் நாடெங்கும் ஓடியது 1969-இல். அடுத்த ஹெர்பி படங்கள் 1974-லும் 1977-லும் வந்தன. அதே 1977-உடன் கூரை மூடிய பீட்டிலின் அமெரிக்க விற்பனை முடிவுக்கு வந்தது. புதிய ஜப்பானியக் கார்களின் முன் ஹெர்பியால் அதைக் காப்பாற்ற முடியவில்லை.

எனினும் படம் வீண்போகவில்லை. 1998-இல் நியூ பீட்டில் விற்பனைக்கு வந்தபோது, பழைய உருவத்தின் மீதிருந்த பாசம் அதற்கு முதலீடாக அமைந்தது. அப்பாசத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. அமெரிக்க வாகனப் பாதுகாப்பு மையம் 1972-இலேயே பீட்டிலின் பாதுகாப்புக் குறைகளைத் தனி நூலாக வெளியிட்டிருந்தது. நண்பனாகிவிட்ட வண்டியிடம் இத்தகைய கேள்விகளைக் கேட்க மனம் வருவதில்லை.

நம்பிக்கை உடைந்த விதம்

2008 முதல் இந்நிறுவனம் அமெரிக்காவில் தன் டீசல் கார்களைத் தூய டீசல் என்று விளம்பரப்படுத்தியது. 2015 செப்டம்பரில் உண்மை வெளிவந்தது. ஆய்வகச் சோதனை நடப்பதை உணர்ந்து அப்போது மட்டும் நச்சுப் புகையைக் குறைக்கும் மென்பொருள் அக்கார்களில் இருந்தது. உலகெங்கும் சுமார் 1.1 கோடி வாகனங்களில் அம்மென்பொருள் இருப்பதாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2016-இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் பொய் விளம்பரத்துக்காக வழக்குத் தொடுத்தது. குரோமியப் பட்டையின் கறையைக்கூடச் சொன்ன நிறுவனம், மக்கள் சுவாசிக்கும் காற்றைப் பற்றிப் பொய் சொன்னது.

மதிப்பீடு

1960-இன் விளம்பரமும் தூய டீசல் விளம்பரமும் நேர்மையான தொனியிலேயே பேசின. தொனியை வைத்து மட்டும் எவரும் இரண்டையும் பிரித்தறிந்திருக்க முடியாது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவிகளைப் பொருத்திக் காரைச் சாலையில் ஓட்டி அளந்த பிறகே முரண்பாடு தெரிந்தது. ஆகவே விளம்பரத்தையோ திரைப்படத்தையோ மதிப்பிடும் மாணவர், அது எவ்வளவு கவர்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அது சொல்லும் செய்தியை நிறுவனத்துக்கு வெளியே இருப்பவர் எவராவது அளந்து பார்த்தாரா என்றும் கேட்க வேண்டும்.