சொல்தா தாத்தா எந்தப் பக்கம்?

புதுச்சேரியில் தாத்தாவின் பூர்வீகம் தேடுகிறவர்களில் பலர் வரலாற்று ஆசையால் கிளம்பியவர்கள் அல்ல, நேஷனாலிட்டிக்காகக் கிளம்பியவர்கள். 1962 ஆகஸ்டில் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்று எழுதிக்கொடுக்க ஆறு மாதம் அவகாசம் தந்தார்கள். அப்போது தாத்தா எழுதிக்கொடுத்தாரா என்ற கேள்வி பல வீடுகளில் இன்னும் ஓயவில்லை. “தாத்தா சொல்தா, தெகோல் படையில இருந்தாரு” என்ற போர்க்கதை அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வரும். சொல்தா என்றால் பிரெஞ்சுப் படையின் சிப்பாய்; தெகோல், இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனிக்குப் பணிய மறுத்த பிரெஞ்சுத் தளபதி.

ஆவணத்தின் வழியே தேடுவதில் பெரிய பலம், பிரெஞ்சுப் பதிவேடே. பிறப்பைப் பதிய வந்தவர் யார், வயதென்ன, தொழிலென்ன, சாட்சிகள் எவர் என்று வாக்கியம் வாக்கியமாக எழுதி வைத்திருப்பார்கள். ஓரத்தில் பிற்காலத் திருமணக் குறிப்பும் இருந்தால் தேடுகிறவருக்கு யோகம். இதே நெப்போலியச் சட்ட வடிவம் 1808இல் வார்சாவுக்கும் போனது. முப்பாட்டனைத் தேடும் போலந்துக்காரரும் ஏறக்குறைய இதே மாதிரிப் பத்தியைத்தான் படிக்கிறார். 1868க்குப் பிறகு ரஷ்ய மொழிக்கு மாறிய பதிவுகள் அவரைத் திணறடிக்கும். நம்மைத் திணறடிப்பது பெயர்.

1881இன் அரசாணைப்படி சொந்தச் சமூக வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்தவர்கள் குடும்பப்பெயர் ஒன்றைச் சூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை ‘லாப்போர்த்’ ஆனார். கதவு என்று பொருள். கதவு திறந்த இடத்தில் வம்சக்கொடி அறுந்தும் போகும். துறவுப் பத்திரம் கைக்கு வந்தால்தான் பழைய பெயரையும் புதியதையும் முடிச்சுப்போடலாம். ‘பிள்ளை’யே பிரெஞ்சு எழுத்தில் ‘புல்லே’ ஆனபிறகு கணினித் தேடலை மட்டும் நம்பி என்ன பயன்?

ஆனாலும் பதிவேடு உறவை நிரூபிக்கும், செயலை நிரூபிக்காது. அடுத்து எல்லோரும் பாரிசை ஒட்டிய வென்சேன் கோட்டையின் ராணுவ ஆவணக் காப்பகத்தை நாடுகிறார்கள். அந்தப் போரில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்துநின்ற எதிர்ப்பியக்கத்தினர் பற்றி அங்கே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட தனிநபர் கோப்புகள் உண்டு. அவை போருக்குப் பிறகு அங்கீகாரம் கேட்டு விண்ணப்பித்தவர்களை ஒட்டிச் சேர்ந்தவை. கேட்காதவருக்குக் கோப்பு இருக்காது. பெயர் இல்லையென்றால் தாத்தா பொய் சொன்னார் என்று முடிவுகட்டுவதும், இதே காரணத்தால், தவறு.

கதையை அப்படியே நம்புவதும் தவறுதான். 1940 செப்டம்பரில் ஆளுநர் போன்வேன் புதுச்சேரியைத் தெகோல் பக்கம் சேர்த்தார். சுற்றிலும் பிரிட்டிஷ் இந்தியா, வேறு வழியும் அதிகமில்லை. ஆனால் நம் சொல்தாக்களும் குமாஸ்தாக்களும் பலர் அப்போது பிரெஞ்சு இந்தோசீனாவின் சைகோனில் இருந்தார்கள். அங்கே ஆளுநர் தெக்கூ, ஜெர்மனியோடு இணங்கிப்போன விஷி அரசின் ஆள். 1945 மார்ச் 9இல் ஜப்பானியர் பிரெஞ்சுப் படையைச் சிறைப்பிடிக்கும்வரை அதுதான் நிலை. தெகோலின் சுதந்திரப் பிரெஞ்சுப் படையினராக ஏற்பதற்கு 1943 ஜூலை 31க்கு முன்பே சேர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. சைகோன் பாசறையில் இருந்தவருக்கு அது எப்படிப் பொருந்தும்? “தெகோல் படை” என்று வீட்டில் சொல்வது, சில இடங்களில், பிரெஞ்சு ராணுவம் என்பதற்கான செல்லப்பெயர் மட்டுமே.

எனக்கு உறுத்துவது வேறொன்று. ‘எதிர்ப்பு’ என்றால் எதை எதிர்த்து? புதுச்சேரியைப் பூர்வீகமாகக் கொண்ட லியோன் புருஷாந்தி சைகோனில் தன் வீட்டை நேதாஜி தலைமையிலான இந்திய சுதந்திர லீக்குக்குக் கொடுத்தார். போர் முடிந்து திரும்பிய பிரெஞ்சுக்காரர்கள் அவரைக் கைதுசெய்து வதைத்தார்கள். தெகோல் பக்கம் நின்றவரைத் தேடிப் போகிறவர் கண்ணில் இப்படிப்பட்டவர் படவே மாட்டார். ஒரே குடும்பத்தில் அண்ணன் பிரெஞ்சுச் சீருடையிலும் தம்பி நேதாஜிக்கு நிதி திரட்டுவதிலும் இருந்திருக்கலாம். பேரன் எந்த அலுவலக வரிசையில் நிற்கிறானோ அதற்கேற்ற தாத்தாவே கிடைப்பார்.

அதனால் தேடலை வென்சேனில் அல்ல, வீட்டு அலமாரியில் தொடங்குவேன். சுதந்திரப் பிரெஞ்சுத் தொண்டர்களுக்கான நினைவுப் பதக்கம் இரட்டைக் குறுக்குச் சட்டமுள்ள லொரேன் சிலுவை வடிவில் இருக்கும். துணியில் சுற்றிவைத்த பதக்கம் வட்டமாக இருந்தால், பாட்டியிடம் முதலில் கேட்க வேண்டியது தெகோலைப் பற்றி அல்ல. தாத்தா எந்த ஆண்டு, எந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலேறித் திரும்பினார் என்பதை.