காத்திருக்கத் தெரிந்த இயந்திரம்

மாமாக் கடையில் தே தாரேக் ஆறிக்கொண்டிருந்தது. நண்பனிடம் கைப்பேசியில் அந்தக் காணொளியைக் காட்டினேன். நான்கரை நிமிடம். முழுசாகப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "சரிடா, இவ்வளவு கஷ்டப்பட்டதுக்கு ஒரு கீபோர்டு வாங்கியிருக்கலாமே?"

கிண்டலாகத்தான் கேட்டான். ஆனால் அந்தப் படைப்பை மதிப்பிட இதைவிட நல்ல கேள்வி எனக்குக் கிடைக்கவில்லை.

வின்டர்காட்டன் என்ற சுவீடன் இசைக்குழு 2016 மார்ச்சில் வெளியிட்ட 'மார்பிள் மெஷின்' காணொளி அது. குழுவைச் சேர்ந்த மார்ட்டின் மோலின் ஓராண்டுக்கும் மேலாகப் பிளைவுட்டை அறுத்து, ஒட்டி, தன் கையாலேயே உருவாக்கிய இயந்திரம். உள்ளே 2,000 எஃகுக் கோலிக்குண்டுகள். கைப்பிடியைச் சுற்றினால் சக்கரம் சுழலும். சக்கரத்தில் எங்கே முளை செருகியிருக்கிறதோ அதற்குரிய நொடியில் ஒரு குண்டு விடுபட்டு விழும். வைப்ரபோன் கட்டையில் விழுந்தால் சுரம். பேஸ் கித்தார் தந்தியில் விழுந்தால் அடிநாதம். ஒலிவாங்கி பொருத்திய பரப்பில் விழுந்தால் டிரம் அடி. விழுந்தவை ஒன்றுசேர்ந்து மறுபடி மேலேறும்.

இதை ரோபோ என்று சொன்னால் சிலர் சண்டைக்கு வருவார்கள். கணினி கிடையாது, ஓட்டுவதற்கு மோட்டார் கிடையாது. மோலினின் கைகளைக் கவனியுங்கள். ஒரு கை கைப்பிடியைச் சுற்றுகிறது. மறு கை நெம்புகோலை இழுக்கிறது, பேஸ் தந்தியை அழுத்துகிறது. எந்த அடி எப்போது என்பதைச் சக்கரம் தீர்மானிக்கிறது. எவ்வளவு வேகம், எந்த வாத்தியம் எங்கே நுழையலாம் என்பதெல்லாம் மனிதன் கையில். வேலை இப்படிப் பிரிந்திருப்பதுதான் இந்தப் படைப்பின் அழகு.

கான்லன் நன்காரோவோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். மெக்சிகோவில் வாழ்ந்த அந்த இசையமைப்பாளர், தானியங்கி பியானோவுக்கான காகிதச் சுருள்களில் ஒவ்வொரு துளையாகத் தானே இட்டார். அவருக்கு இயந்திரம் தேவைப்பட்டதற்கு நேரடிக் காரணம் உண்டு. அவர் நினைத்த லயங்கள் மனித விரல்களுக்கு எட்டாதவை. மோலினின் மெட்டோ எளியது. ஓரளவு பயிற்சியுள்ள பள்ளி மாணவனே வாசித்துவிடுவான். அப்படியானால் நண்பன் சொன்னது சரிதானே?

சரியில்லை. கீபோர்டில் ஒலி ஏன் பிறக்கிறது என்பது பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது. இங்கே அது கண்முன் விழுகிறது. குண்டு கட்டையைத் தொடுமுன்பே காது சுரத்துக்குத் தயாராகிவிடுகிறது. அந்த ஒரு கணக் காத்திருப்புக்காகத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

என் புகாரும் இங்கேதான் தொடங்குகிறது. அது பல கோணங்களில் எடுத்து வெட்டி ஒட்டிய காட்சி. உண்மையில் குண்டுகள் சிக்கும், தெறித்து ஓடும். மேடையேறி முழுக் கச்சேரி செய்ய அந்த இயந்திரத்தால் முடியாது. ஒலியின் காரணத்தைத் திறந்து காட்டும் படைப்பு, தன் தடுமாற்றத்தை மட்டும் மூடிவிட்டது.

மோலினுக்கே இது உறுத்தியிருக்க வேண்டும். உலகச் சுற்றுப்பயணத்துக்குத் தாங்கும் இரண்டாவது இயந்திரத்தைத் தொடங்கினார். இம்முறை எதையும் மறைக்கவில்லை. உடைந்தது, வளைந்தது, தப்புக்கணக்குப் போட்டது என எல்லாவற்றையும் காணொளிகளாகப் போட்டார். பல நாட்டு ஆர்வலர்கள் வரைபடம் அனுப்பி உதவினார்கள். ஆனால் நாளாக ஆக அவருடைய கவலை ஒரே புள்ளியில் குவிந்தது: தாளம் மில்லிநொடிகூடப் பிசகக் கூடாது. பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு அந்த இயந்திரத்தையே கைவிட்டு, மூன்றாவதை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அந்த நேர்மைக்கு என் வணக்கம். ஆனால் அந்த இலக்கு எனக்கு ஒப்பவில்லை. பிசகாத தாளம் வேண்டுமென்றால் அது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் மோட்டார் மேளம் பார்த்திருப்பீர்கள். சுவிட்சைத் தட்டினால் மேளமும் மணியும் தானாக அடிக்கும். ஆள் வேண்டாம், சம்பளம் வேண்டாம். தீபாராதனையின்போது அர்ச்சகர் கை ஒரு கணம் தாமதித்தால், தவில்காரர் அதைப் பார்த்து அடியை நீட்டுவார். மோட்டார் யாரையும் பார்க்காது. பெரும் பிழை என்று நான் நினைப்பது அதைத்தான், மில்லிநொடியை அல்ல.

வீட்டில் ஆர்டுயினோவும் சர்வோவும் வைத்து எதையாவது வாசிக்கச் செய்யும் தம்பி தங்கைகள் நம்மிடையே இருக்கிறார்கள். மெட்டைக் கணினியே எழுதித் தருகிற காலமும் வந்துவிட்டது. அவர்கள் செய்யும் இயந்திரத்திடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: மனிதனுக்கு எதை மிச்சம் வைத்தாய்? மோலினின் முதல் இயந்திரம் ஒரு கைப்பிடியை மிச்சம் வைத்தது. மெதுவாகச் சுற்றினால் பாட்டும் மெதுவாக வரும்.

பிறகு அது நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில், தானே இசைக்கும் வாத்தியங்களுக்கான அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. பொருத்தமான இடம் என்று சொல்லமாட்டேன். அது தானே இசைத்ததில்லை.

நண்பன் தே தாரேக்கை முடித்துவிட்டு, "இன்னொரு தடவை போடு" என்றான்.